இரவல் பிரம்பு: ஆசிரியர் மீதான மாணவர் வன்முறை குறித்துச் சில குறிப்புகள்

1

ஆசிரியரை மாணவன் தாக்கினான் என்று செய்தி வரும்போதெல்லாம் நம் சூழலில் இரண்டு குரல்கள் எழுகின்றன. முதல் குரல், 'பிரம்பைப் பிடுங்கினதால வந்த வினை' என்பது. அடிக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டதிலிருந்து பயம் விட்டுப்போச்சு, மரியாதை போச்சு என்று டீக்கடையிலிருந்து சங்க மேடை வரைக்கும் ஒலிக்கிற குரல் இது. இரண்டாவது, நம்மைப் போன்றவர்கள் வட்டாரத்துக் குரல். பள்ளிக்கூடம் ஒடுக்குமுறைக் கருவி, ஆசிரியர் அதன் முகவர், ஆகவே மாணவன் ஓங்குகிற கையில் ஏதோ ஒரு கலகம் இருக்கிறது என்பது. இவ்வளவு பச்சையாக இதை யாரும் எழுதிவிடுவதில்லை. பேச்சில் வந்துவிடும். 'அவன் செஞ்சது தப்புதான், ஆனா...' என்று தொடங்குகிற பேச்சில், அந்த 'ஆனா'வுக்குப் பிறகு வருவது இதுதான்.

இரண்டையும் நான் ஏற்கவில்லை. அடி எங்கே விழுகிறது என்று பார்க்காமலே இரண்டும் அடியைப் பற்றிப் பேசுகின்றன. அடிபடுகிறவர் யார், அந்த நேரத்தில் அவர் கையில் என்ன இருந்தது, அவருக்கும் அடித்தவனுக்கும் நடுவில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று கேட்டுப் பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. அதை விளக்குவதுதான் இந்தக் குறிப்புகளின் வேலை. சுருக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரம்பு போன பிறகு பள்ளியின் அதிகாரம் காகிதத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்தக் காகிதம் ஆசிரியருக்குச் சொந்தமில்லை. கொண்டுவந்து கொடுப்பவர் மட்டுமே அவர். மாணவன் கண்ணுக்குத் தெரிவது கொடுக்கிற கை மட்டும்தான். அவன் அந்தக் கையைத் தாக்குகிறான்.

2

சம்பவங்களைப் பார்ப்போம்.

2012 பிப்ரவரி 9. சென்னை பாரிமுனை ஆர்மேனியன் தெருவிலுள்ள ஆங்கிலோ இந்தியப் பள்ளி. ஒன்பதாம் வகுப்பு மாணவன், 15 வயது, வகுப்பறையில் தனியாக இருந்த ஆசிரியையைக் கத்தியால் குத்திக் கொன்றான். அவன் படிப்பு சரியில்லை என்று அந்த ஆசிரியை வீட்டுக்கு எழுதி அனுப்பிய குறிப்புகளே அவன் ஆத்திரத்துக்குக் காரணம் என்று அப்போது செய்திகள் சொல்லின. கூடவே, அவன் பார்த்த ஒரு இந்திப் படத்தின் மேல் பழியைப் போட்டார்கள். படத்தைப் பற்றி நிறையப் பேசினார்கள். அந்தக் குறிப்புகள் என்னும் வஸ்துவைப் பற்றி யாரும் பேசவில்லை.

2022 ஏப்ரல். ஆம்பூர் பக்கம் மாதனூர் அரசு மேல்நிலைப் பள்ளியில், ரெக்கார்டு நோட்டு எங்கே என்று கேட்ட ஆசிரியரை ஒரு மாணவன் அடிக்கப் பாய்ந்தான். அந்த வீடியோ தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. அதே மாதம் தேனி மாவட்டம் தேவதானப்பட்டியில் மாணவர்கள் ஆசிரியரைக் கத்தி காட்டி மிரட்டியதாகச் செய்தி வந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக மூடிய பள்ளிகள் எல்லா வகுப்புகளுக்குமாகத் திறக்க 2021 நவம்பர் ஆகிவிட்டது என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். இடைப்பட்ட காலத்தில் கொத்தனார் கையாளாகவும் கேட்டரிங் வேலைக்கும் போய்க் கூலி வாங்கிப் பழகிய பையன்கள், திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது முதலில் கேட்கப்பட்டது முடிக்காத நோட்டு.

2025 ஏப்ரல். பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளி. எட்டாம் வகுப்பு மாணவன் சக மாணவனை அரிவாளால் வெட்டினான். தடுக்கப் போன ஆசிரியைக்கும் வெட்டு விழுந்தது. 2025 ஜூலை. சிவகாசி அருகே திருத்தங்கல் அரசுப் பள்ளியில், குடித்துவிட்டு வந்த பிளஸ் டூ மாணவர்களைக் கண்டித்த ஆசிரியரை மது பாட்டிலால் அடித்தார்கள்.

எல்லாவற்றையும் ஒரே சூத்திரத்தில் அடக்கிவிட முடியாது. பாளையங்கோட்டை ஆசிரியை குறுக்கே போனதால் வெட்டுப்பட்டவர். திருத்தங்கல் விவகாரத்தில் பள்ளிக்கூடத்தை விடவும் சாராயக் கடைக்குப் பங்கு அதிகம். ஆனால் சென்னையிலும் மாதனூரிலும் நடுவில் இருந்தது ஒரு காகிதம். ஒன்று வீட்டுக்குப் போன காகிதம். இன்னொன்று பையன் கொண்டுவராத காகிதம். நம் ஊர்ப் பள்ளிகளில் செய்தித்தாளுக்கு வராமல் முடிந்துபோகிற சண்டைகளைக் கேட்டுப் பாருங்கள். வருகைப் பதிவு, ரேங்க் கார்டு, அப்பா கையெழுத்து, ஹால் டிக்கெட், டிசி என்று எங்காவது ஒரு காகிதம் வந்து நிற்கும்.

3

தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆம் விதி 2003இல் திருத்தப்பட்டு, மாணவரை உடலாலோ மனதாலோ நோகடிக்கும் தண்டனை விலக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அதையே நாடு முழுமைக்கும், 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கு, சட்டமாக்கியது. இது சாதனை. இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. (ஒரு சின்ன விஷயம்: வாத்தியார் கையிலிருந்து பிரம்பை வாங்கிய அதே 2003இல்தான் அரசு டாஸ்மாக் வழியாகச் சில்லறைச் சாராய வியாபாரத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. பிரம்பு போனதைப் பற்றி அழுகிறவர்கள் இந்தக் கணக்கைச் சேர்த்துச் சொல்வதில்லை.)

பிரம்பு போனபோது அதிகாரம் போய்விடவில்லை, வடிவம் மாறிற்று. ஃபூக்கோ 1975இல் வந்த தன் நூலில், சிறையைப் பற்றிப் பேசும்போதே பள்ளியையும் பேசுகிறார். தேர்வு என்கிற சடங்கு ஒவ்வொரு மனிதரையும் எழுத்துக்குள் கொண்டுவந்து, ஒரு 'கேஸ்' ஆக்கிவிடுகிறது என்பது அவர் சொல்வது. முன்பெல்லாம் எழுதப்படுவது அரசனின் பெருமை. நவீன காலத்தில் எழுதப்படுவது நோயாளி, கைதி, மாணவன். எழுதப்படுகிறவன் கீழே இருக்கிறான். எழுதுவது மேலே நோக்கிப் போகிறது.

இதைக் கோட்பாடாகப் படித்தது ஒரு பக்கம். இலுப்பூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் சொன்னது இன்னொரு பக்கம். பத்தாம் வகுப்பில் வாத்தியாரிடம் சண்டை போட்டு நின்றுபோனவன். என்னதான்டா ஆச்சு என்று கேட்டதற்கு அவன் சொன்னான்: 'அடிச்சிருந்தாக்கூடப் பரவால்லண்ணே. எழுதிட்டாரு.'

இந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு, பாத்தீங்களா பையனே அடியைத்தான் கேக்குறான் என்று முதல் கட்சிக்காரர்கள் கிளம்பிவிடக்கூடும். அவன் அடியைக் கேட்கவில்லை. அடி அந்தப் பீரியடோடு முடிந்துவிடும். சாயங்காலம் அதே வாத்தியாரோடு வாலிபால் ஆடலாம். எழுத்து அப்படி முடியாது. வீட்டுக்குப் போகும், தலைமையாசிரியர் மேசைக்குப் போகும், அடுத்த பள்ளிக்குப் போகும். அடிபட்டவன் அழலாம், கத்தலாம், கெட்ட வார்த்தையில் முணுமுணுக்கலாம். எழுதப்பட்டவனுக்குத் திருப்பிச் சொல்ல ஒரு வரி இடம்கூட அந்தக் காகிதத்தில் இல்லை. பெற்றோர் கையெழுத்துக்கு இடம் இருக்கிறது. ஆசிரியர் கையெழுத்துக்கு இடம் இருக்கிறது. யாரைப் பற்றி எழுதியிருக்கிறதோ அவனுக்கு இல்லை.

ஒன்பதாம் வகுப்பில் இந்தக் காகிதத்தின் கனம் திடீரென்று கூடுகிறது. கல்வி உரிமைச் சட்டத்துக்குப் பிறகு எட்டு வரைக்கும் ஃபெயில் இல்லாமல் வந்தவனை ஒன்பதில் நிறுத்தி எடை போடுகிறார்கள். பத்தில் நூறு சதவீதம் காட்ட வேண்டிய பள்ளி, தேறாதவனை ஒன்பதிலேயே கழித்துக்கட்டப் பார்க்கிறது. 'வேற ஸ்கூல் பாத்துக்குங்களேன்' என்று பெற்றோரிடம் மெதுவாகச் சொல்லப்படும். 2018இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தபோது மூன்று வருஷம் தொடர்ந்து பொதுத்தேர்வு என்றாயிற்று, 2025 வரை அது நீடித்தது. 2017இல் மாநில ரேங்க் பட்டியலை நிறுத்தினார்கள், நல்லது. தேர்ச்சி சதவீதத்தில் மாவட்டங்களை வரிசைப்படுத்திப் பார்க்கும் புத்தி அதனால் போய்விடவில்லை.

4

'அந்தக் காலத்துல குருன்னா தெய்வம்' என்கிற பெருங்கதையாடலையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தமிழ் எம்.ஏ. படித்தவர்கள் நன்னூல் பாயிரத்தைத் தாண்டாமல் வந்திருக்க முடியாது. 13ஆம் நூற்றாண்டுப் பவணந்தி அங்கே ஆசிரியருக்கும் மாணாக்கருக்கும் இலக்கணம் சொல்கிறார். நல்லாசிரியர் தகுதிகளில் முதலாவதாக வருவது குலம். பாடம் சொல்லத் தக்கவர் யாரென்றால் தன் மகன், ஆசானின் மகன், மன்னன் மகன், நிறையப் பொருள் கொடுப்பவன், வழிபடுபவன், சொன்னதைப் பிடித்துக்கொள்பவன். சொல்லக் கூடாதவர் பட்டியல் இதைவிட நீளம்: குடிகாரன், சோம்பேறி, திருடன், நோயாளி, சண்டைக்காரன், கோபக்காரன், தூங்குமூஞ்சி, மந்தபுத்தி இப்படி. மாணவன் ஆசிரியரிடம் நெருப்புக்குப் பக்கத்தில் இருப்பதுபோல ரொம்ப ஒட்டாமலும் விலகாமலும் இருக்க வேண்டும் என்கிற விதியும் உண்டு. அழகான உவமைதான். அந்த நெருப்புக்கு அருகே வர யாருக்கு அனுமதி என்பது முந்தின சூத்திரத்திலேயே முடிவாகிவிட்டது.

ஆக, குருபக்தி நிலவிய அந்த வகுப்பறையில் கோபக்காரப் பையன் இருக்கவே இல்லை. வெளியே நிறுத்தப்பட்டிருந்தான். ஏகலைவன் கட்டைவிரலைக் கொடுத்துத்தான் மாணவனானான். அதை நாம் குருபக்திக்கு உதாரணமாகப் பாடப்புத்தகத்தில் வைத்துச் சொல்லிக்கொடுத்தோம். ரொம்பத் தூரம் போக வேண்டாம். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலெட்சுமி ரெட்டி இங்கே மன்னர் கல்லூரியில் சேர்வதற்கு எதிர்ப்பு வந்து, மன்னர் தலையிட்டு அனுமதிக்க வேண்டியிருந்தது. பவணந்தி விலக்கிவைத்த கோபக்காரன், சண்டைக்காரன், மந்தபுத்தி எல்லோரும் இன்று சட்டப்படி உள்ளே இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் இப்போதுதான் பள்ளிக்கூடமாகிறது. வன்முறை நுழைந்துவிட்டது என்று நாம் பதறும்போது, உள்ளே நுழைந்த மனிதர்களைக் கண்டும் சேர்த்துத்தான் பதறுகிறோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

திண்ணைப் பள்ளியில் பயபக்தி இருந்தது என்பதும் பாதி உண்மை. கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம், ஒரு காலைத் தூக்கி அண்ணாந்து நிற்கவைக்கும் அண்ணாந்தாள் முதலிய தண்டனைகளின் பெயர்கள் தமிழ் அகராதியிலேயே இருக்கின்றன. பிள்ளைகள் இதையெல்லாம் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. வங்காளத்துக் கிராமப் பள்ளிகளைப் பற்றி 19ஆம் நூற்றாண்டின் நடுவில் 'கல்கத்தா ரிவ்யூ'வில் வந்த ஒரு கட்டுரை, குருமார்களின் தண்டனைகளை வரிசைப்படுத்திவிட்டு, மாணவர்களின் பதிலடியையும் சொல்கிறது. குருவுக்கு ஹூக்கா தயார்பண்ணும்போது புகையிலையில் மிளகாயைக் கலந்துவிடுவது, உட்காரும் பாயின் அடியில் முள் வைப்பது, இரவில் ஒளிந்திருந்து கல்லெறிவது. தமிழ்நாட்டில் சைக்கிள் டியூபில் காற்றுப் பிடுங்கியதும், கரும்பலகையில் பட்டப்பெயர் எழுதியதும், நாற்காலியில் கோந்து தடவியதும் இந்த மரபில் வருகிறவைதான்.

முள்ளுக்கும் கத்திக்கும் நடுவே தூரம் அதிகம், மறுக்கவில்லை. பிரம்பு இருந்தபோது வன்முறை இல்லை என்கிற வாதம் மட்டும் நிற்காது. ஒரு திசையில் பகிரங்கமாகவும் மறு திசையில் ரகசியமாகவும் அது ஓடிக்கொண்டிருந்தது. 'கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்' என்று பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட அப்பன்மார், அதிகாரத்தை ஆசிரியருக்கு இரவல் கொடுத்தார்கள். இரவல் கொடுத்தது அப்பன் மட்டுமா?

5

இரவல் என்ற சொல்லை யோசித்துத்தான் பயன்படுத்துகிறேன். கல்வியாளர் கிருஷ்ணகுமார் 1991இல் வந்த தன் நூலில், காலனியக் கல்வி உருவாக்கிய ஆசிரியரைச் 'சாது சர்வாதிகாரி' என்ற பொருளில் விவரிக்கிறார். என்ன கற்பிப்பது, எப்போது கற்பிப்பது என்று தானே தீர்மானித்துவந்த கிராமத்து ஆசிரியர், வெள்ளைக்காரன் காலத்தில் சொற்பச் சம்பளம் வாங்கும் அரசு ஊழியரானார். பாடப்புத்தகத்தை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. தேர்வை அவர் நடத்தவில்லை. இன்ஸ்பெக்டர் வந்தால் கைகட்டி நின்றார். அவருக்கு மிஞ்சிய ஒரே ராஜ்ஜியம் நாலு சுவருக்குள் உட்கார்ந்திருந்த பிள்ளைகள்.

இன்ஸ்பெக்டர் இடத்தில் இன்று தேர்ச்சி ஆய்வுக் கூட்டமும், எமிஸ் செயலியும், பள்ளி வாட்ஸ்அப் குழுவும் இருக்கின்றன. கூட்டத்தில் தலைமையாசிரியர் எழுந்து நின்று ஏன் சதவீதம் குறைந்தது என்று பதில் சொல்கிறார். திரும்பி வந்து பாட ஆசிரியரை நிற்கவைக்கிறார். பாட ஆசிரியர் ஒன்பது ஏ-வுக்குப் போய்ப் பையனை நிற்கவைக்கிறார். பையன் யாரை நிற்கவைப்பது?

இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி எவ்வளவு இளைத்திருக்கிறது என்று பாருங்கள். 2012இல் ஓவியம், உடற்பயிற்சி, தையல் என்று பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். 2022இல் காலியிடங்களை நிரப்பத் தற்காலிக ஆசிரியர்களை அறிவித்தபோது மதிப்பூதியம் இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000 ரூபாய். தனியார் பள்ளிகளில் கையெழுத்துப் போடுவது ஒரு தொகை, கையில் வாங்குவது ஒரு தொகை என்பது ஊரறிந்த ரகசியம்.

பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலமாக ஒரு பள்ளியில் தற்காலிகமாக வேலை பார்த்த நண்பர், கீரனூர்க்காரர், சொன்னது இது: 'லீவுல கேட்டரிங் போற பையன் என்னைய விட ஜாஸ்தி வாங்குறான் மாப்ள. அது அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ரெண்டு பேருக்கும் தெரியும்ங்கிறது கிளாசுக்கே தெரியும். இதுல நான் போயி, படிச்சாத்தான்டா உருப்படுவேன்னு எப்படிச் சொல்றது?'

அறந்தாங்கி, ஆலங்குடிப் பக்கம் எத்தனையோ வீடுகளில் அப்பா சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பார். பையன் அப்பத்தாவிடம் வளர்வான். வீட்டுக்கு அனுப்புகிற குறிப்பை வாங்கிப் படிக்கவும், பிள்ளைக்காகப் பேசவும் அங்கே ஆள் இருக்காது. காகிதம் போய்ச் சேராத வீட்டுக்கும் காகிதம் போகிறது. கையெழுத்தைப் பையனே போட்டுக்கொள்கிறான். அதற்கும் சேர்த்து இன்னொரு காகிதம் எழுதப்படுகிறது.

அடி விழுகிற இடத்துக்கு இப்போது திரும்பலாம். பையன்கள் பள்ளியின் தாளாளரை அடிப்பதில்லை. முதன்மைக் கல்வி அலுவலரை அடிப்பதில்லை. நூறு சதவீதம் கேட்கிறவர்களை அவர்களுக்குத் தெரியவே தெரியாது. எதிரே இருக்கிற, தடுத்துக்கொள்ள முடியாத ஆளைத் தாக்குகிறார்கள். பெண்ணாக இருந்தால் அவமதிப்பு அடிக்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது: முதுகுக்குப் பின்னால் ஒலி எழுப்புவது, பலகையில் எழுதும்போது செல்போனில் படம் பிடிப்பது, உடலைப் பற்றி எழுதிவைப்பது. வகுப்பறையில் யாருடைய அதிகாரம் இரவல் என்பதைப் பையன்கள் நம்மைவிடத் துல்லியமாகக் கணித்துவைத்திருக்கிறார்கள்.

6

இதனால்தான் இதைக் கலகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பால் வில்லிஸ் 1977இல் எழுதிய நூல் இந்த இடத்தில் உதவும். இங்கிலாந்தின் ஒரு தொழில் நகரத்தில், பள்ளியை மதிக்காத, ஆசிரியர்களைக் கேலிசெய்தே பொழுதுபோக்கிய 12 தொழிலாளர் வீட்டுப் பையன்களோடு பழகி அவர் எழுதியது. படித்தால் முன்னேறலாம் என்ற வாக்குறுதி தங்களில் பெரும்பாலோருக்குப் பொய் என்பதை அந்தப் பையன்கள் சரியாகவே கண்டுகொண்டார்கள் என்கிறார் வில்லிஸ். அந்த அளவில் அவர்கள் ஆசிரியர்களைவிடப் புத்திசாலிகள். அதே வேகத்தில் படிப்பு என்பதையே ஆம்பளத்தனமற்ற காரியமாக ஒதுக்கித் தள்ளினார்கள். பெண்களையும், வேறு நிறத்தவரையும் இழிவாகப் பேசினார்கள். கடைசியில் தாங்களாகவே நடந்துபோய் அப்பன்மார் நின்ற அதே மெஷின் முன்னால் நின்றார்கள். அவர்களுடைய எதிர்ப்பே அவர்களைக் கொண்டுபோய் அங்கே சேர்த்தது.

வாத்தியாரை அடித்தவன் ஒரு வாரம் கெத்து. வீடியோ ஓடும். பிறகு சஸ்பெண்ட், பிறகு நின்றுவிடுதல், பிறகு திருப்பூர் பனியன் கம்பெனியோ வெளியூர்ச் சமையல் வேலையோ. அவன் படிக்காததால் யாருக்கு லாபமோ அவர்களுக்கு இதில் எந்தக் கீறலும் இல்லை.

இன்னொன்று, நம்மவர்கள் பேசத் தயங்குவது. வன்முறைக்குச் சாதி தெரியும். 2023 ஆகஸ்ட் 9 அன்று நாங்குநேரியில், சக மாணவர்களின் தொல்லையைப் பற்றிப் பள்ளியில் புகார் கொடுத்த தலித் மாணவனை, அதே பள்ளி மாணவர்கள் இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அந்தப் பையன் செய்ததென்ன? தனக்கு நேர்ந்ததை எழுதிக் கொடுத்தான். எழுதப்படுகிற இடத்தில் வைக்கப்பட்டிருந்தவன் எழுதத் துணிந்ததற்கு அரிவாள் பதில். மாணவர் கை ஓங்கினால் அது அதிகாரத்துக்கு எதிராகத்தான் ஓங்கும் என்று நம்புகிறவர்கள் நாங்குநேரியை எங்கே வைப்பார்கள்?

அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூன் மாதம் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, கையில் வண்ணக் கயிறு கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி தெரியும்படி எதுவும் இருக்கக் கூடாது, ஆசிரியர்களைக் காலாகாலத்தில் இடம் மாற்ற வேண்டும் என்றெல்லாம் அதன் பரிந்துரைகள். வெளியே கயிற்றைப் பற்றியே சத்தம் அதிகமாக இருந்தது. பதிவேட்டைப் பற்றிய பரிந்துரை அதைவிட ஆழமானது என்பேன். பையன் வகுப்பறைக்குள் வருவதற்கு முன்பே அவனைப் பற்றி எழுதிவைத்திருக்கிற எழுத்து அது. குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட வேங்கைவயல் (2022 டிசம்பர்) இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. அப்படியொரு ஊரின் இரண்டு தெருப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சுக்கு வரும்போது, தெருவை வாசலில் கழற்றிவைத்துவிட்டு வருவதில்லை. ஆசிரியரும்தான்.

7

அரசு என்ன செய்தது? 2022 மே மாதம் பள்ளிக் கல்வி அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழி சட்டமன்றத்தில், ஆசிரியர்களிடம் ஒழுங்கீனமாக நடக்கும் மாணவர்கள் நிரந்தரமாக நீக்கப்படுவார்கள், காரணம் டிசியிலும் நன்னடத்தைச் சான்றிதழிலும் குறிக்கப்படும் என்று அறிவித்தார். காகிதத்தால் வந்த நோய்க்குக் காகிதத்தையே மருந்தாகக் கொடுத்தார்கள். 'எழுதிட்டாரு' என்று வெறிகொண்டவனிடம், இன்னும் பெரிசா எழுதுவோம் என்று சொன்னார்கள். இதனால் ஆசிரியருக்கும் பாதுகாப்பு இல்லை. எழுதப்போகிற கை இப்போதும் அவருடையதுதானே.

சினிமாவின் தீர்வு நமக்குத் தெரியும். 1994இன் 'நம்மவர்' முதல் 2012இன் 'சாட்டை' வரைக்கும் ஒரு நாயக ஆசிரியர் வந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவார். சொற்ப மதிப்பூதியத்துக்கு வேலை பார்க்கும் தற்காலிக ஆசிரியரிடம் போய் நாயகனாக இரு என்று கேட்பது குரூரம்.

வேறு எங்கே பார்ப்பது? இத்தாலியில் பார்பியானா என்ற மலைக் கிராமத்தில், தேர்வில் தோற்கடித்து வெளியே தள்ளப்பட்ட எட்டுப் பையன்கள் சேர்ந்து ஆசிரியைக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். 1967இல் புத்தகமாக வந்தது. யார் வீட்டுப் பிள்ளைகள் எந்த வகுப்பில் எத்தனை பேர் கழிக்கப்படுகிறார்கள் என்று புள்ளிவிவரத்தோடு, மரியாதையில்லாமல், ஆனால் முகத்துக்கு நேராகப் பேசுகிற கடிதம். அந்தக் கோபம் நம் பையன்களின் கோபத்துக்குக் குறைந்ததில்லை. அதற்கு ஒரு பக்கம் கிடைத்தது. எட்டுப் பேர் சேர்ந்து உட்கார்ந்து எழுதுவதற்கு ஓர் இடமும் கிடைத்தது.

நம் மாவட்டத்துக்கும் ஒரு நினைவு உண்டு. 1990களின் தொடக்கத்தில், ஷீலாராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் இங்கே ராத்திரிப் பள்ளிகளை நடத்தியது. தெருவிளக்கின் அடியில் தொண்டர்கள் பாடம் சொன்னார்கள். குடுமியான்மலைக் கல்குவாரிப் பெண்கள் உட்பட ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் பழகினார்கள். அங்கே கற்பவர் பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். கற்பிப்பவர் அவரைத் தக்கவைக்கப் பேசித்தான் ஆக வேண்டும். கற்பவரைப் பற்றி எழுதி யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. எழுதுவது கற்பவர் வேலை. புதுக்கோட்டை அறிவொளியைப் பற்றி 2013இல் நூல் எழுதிய பிரான்சிஸ் கோடி, கைநாட்டை விட்டுக் கையெழுத்துப் போட்டு மனுவோடு கலெக்டர் ஆபீசுக்குப் போன பெண்களைப் பற்றிச் சொல்கிறார். மனு கொடுத்த மாத்திரத்தில் விடுதலை வந்துவிடவில்லை, மனுவின் தலைவிதியை ஆபீஸ்தான் தீர்மானிக்கிறது என்பதையும் அவர் மறைக்கவில்லை. பெரியவர்கள் விரும்பி வந்த இயக்கத்தையும், தேர்வுள்ள பள்ளியையும் அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் எழுத்து எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைக் கவனிக்க அது நமக்குக் கண் கொடுக்கிறது.

நடைமுறையில் இதற்கு என்ன பொருள்? மூன்று விஷயங்களைச் சொல்வேன். ஒன்று, ஒழுங்கு நடவடிக்கை தொடர்பான எந்தக் குறிப்பும் வீட்டுக்கோ பதிவேட்டுக்கோ போகும் முன், அதே தாளில் மாணவன் தன் தரப்பை எழுத இடம் வேண்டும். எழுதத் திணறுகிறவன் சொல்ல, இன்னொருவர் எழுதலாம். இரண்டு, அந்தக் குறிப்பு ஒற்றை ஆசிரியரின் பெயரில் போகக் கூடாது. பள்ளியின் பெயரில், இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து பேசிய பிறகு போக வேண்டும். தனியாக மாட்டிக்கொள்ளும் கையை முதலில் காப்பாற்ற வேண்டும். மூன்று, தற்காலிகம், பகுதிநேரம் என்ற பெயர்களில் ஆசிரியரை நிற்க இடமில்லாதவராக ஆக்கும் ஏற்பாடு முடிவுக்கு வர வேண்டும். தான் நிற்கும் இடம் தனக்கே சொந்தமில்லாத ஒருவர், கோபத்தோடு வருகிற 15 வயதுப் பையன் முன்னால் நிதானமாக நிற்க முடியாது. இந்த மூன்றாவது கோரிக்கையை ஆசிரியர் சங்கங்கள் எழுப்புகின்றன. முதலாவதையும் அவர்கள் எழுப்புகிற நாளில் அவர்களோடு சேர்ந்து நிற்பதில் நமக்குத் தயக்கம் இருக்கக் கூடாது.

2022 வாக்கில் அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்று ஒரு புகார்ப் பெட்டி வைக்க ஏற்பாடு செய்தார்கள். நல்ல யோசனை. அதை யார் திறக்கிறார்கள், எழுதியவன் பெயர் வெளியே போகாமல் இருக்கிறதா, எழுதியதற்குப் பதில் எழுத்தில் வருகிறதா என்று உங்கள் ஊர்ப் பள்ளியில் விசாரித்துப் பாருங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோராக நம்மில் சிலர் இருக்கிறோம். கூட்டத்தில் இந்தக் கேள்வியைக் கேட்க யார் அனுமதியும் வேண்டியதில்லை. புகார் எழுதிய ஒரு பையனுக்கு நாங்குநேரியில் என்ன நடந்தது என்று தெரிந்த பிறகும் பெட்டி சும்மா தொங்கிக்கொண்டிருந்தால், எழுதி ஆவதொன்றுமில்லை என்று முடிவுகட்டுகிற அடுத்த பையனை நாமே தயார்செய்கிறோம் என்று அர்த்தம்.